மேப்பு அக்காவின் கறுப்பு மை

என்னை ஒரு நிலப்படத்தில் வைத்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அந்த அக்கா இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நான் அப்போது கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றும் லோரியில் இருந்தேன். செய்தி தாமதமாக வந்தது. போக முடியவில்லை. தோட்டத்தில் எல்லாரும் அவரை மேப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன்.

சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டருக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி நான் அங்கே போனேன். படிப்பு எட்டாம் வகுப்பில், இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஈப்போவில் கார் கழுவினேன், பட்டர்வொர்த்தில் காவலாளியாக இருந்தேன், நடுவில் சில மாதங்கள் ஒன்றுமே செய்யவில்லை. தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடமும் இல்லை. பூட்டை உடைத்து உள்ளே போனேன். கூரையில் ஓட்டை, தரையெல்லாம் எலிப் புழுக்கை. காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது. அது போதும்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கையில் தேத்தண்ணிக் குவளை, காதுமடலில் ஒரு பேனா.

"நீதான் புதுசா வந்தவனா?"

"ஆமாக்கா."

"தங்குவியா, ஓடிருவியா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா எப்படிலா? சரியா சொல்லு. நான் மைய வீணாக்க முடியாது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை இருக்கும்வரை இருப்பேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, வா" என்று தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

கூடத்தில் சாமிப் படங்களுக்கு எதிர்ச்சுவரில் அது மாட்டியிருந்தது. துணியில் ஒட்டிய பெரிய நிலப்படம். வெள்ளைக்காரன் காலத்தில், அவன் போவதற்குக் கொஞ்சம் முன்னால் அச்சடித்தது. மேற்கே கடலும் சதுப்புக் காடும். அதிலிருந்து நீலக் கோடுகளாக வயல்வெளி உள்ளே வந்து, ரயில் பாதையைத் தாண்டியதும் பச்சைப் புள்ளிகளாக ரப்பர் தோட்டங்கள் ஆகிவிடும். ஆறுகள் கிறுக்கிய மாதிரி வளைந்து வளைந்து போகும். அவர் ஒரு பச்சைத் திட்டில் விரலை வைத்தார். அங்கே வரிசையாகப் பொடிப் பொடிக் கட்டங்கள். எல்லாம் கறுப்பு. கடைசிக் கட்டம் மட்டும் வெறும் கோடு, உள்ளே வெள்ளை.

"இது லயம். ஆள் இல்லாத வீட்ட வெள்ளையா விட்ருவேன்."

காதிலிருந்த பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைசிக் கட்டத்தைக் கறுப்பாக்கினார்.

"இப்ப நீ இருக்க."

என் அடையாளக் கார்டில் ஒரு விலாசம் இருந்தது. அந்த வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். நான் இருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன் என்று எந்தத் தாளும் சொன்னதில்லை. இங்கே ஒரு கடுகளவு கட்டத்துக்குள் நான் இருந்தேன். அப்போது வந்தது சந்தோஷமா பயமா என்று சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

படம் அவருக்குக் கிடைத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தோட்டம் கைமாறியபோது மானேஜர் பங்களாவைக் காலி செய்து பழைய தாள்களையெல்லாம் பின்பக்கம் போட்டுக் கொளுத்தினார்களாம். மற்றவர்கள் நாற்காலி, குக்கர், திரைத்துணி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் இதை எடுத்தார். துணி ஒட்டியிருப்பதால் கெட்டியாக இருக்கும், மழைச் சாரலுக்கு ஜன்னலில் அடிக்கலாம் என்று எடுத்தார். மடித்து அலமாரிக்கு அடியில் போட்டவர் வருடக்கணக்கில் அதை மறந்தே போனார். பூஞ்சணம் பிடித்து, மடிப்பெல்லாம் கறுத்துப் போன பிறகுதான் ஒருநாள் வெளியே எடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த தோட்டத்துக் கணக்கரான கிராணி, "அக்கா, இது நம்ம தோட்டம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கீழ் ஓரத்தில் இருந்த குறிகளை ஒவ்வொன்றாக அவர்தான் விளக்கினாராம். இது கோயில், இது கிணறு, இது பாலம், இது மயானம் என்று.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பங்களா இருந்தது, ஆலை இருந்தது, லயம் இருந்தது. பிள்ளைகள் குளிக்கும் கால்வாய்த் திட்டு இல்லை. முனியாண்டிக் கல் இல்லை. பெண்கள் ரப்பர்ப் பால் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு போன குறுக்குப்பாதை இல்லை. "வந்தவன் பாதிதான் பாத்திருக்கான்" என்றார். மீதியை அவர் போட ஆரம்பித்தார்.

அவர் பதினைந்து வயதில் பால்மரம் சீவப் போனவர். மரப்பட்டையை உளியால் சீவும்போது கை ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம் பட்டுவிடும். அதற்குத் தண்டம் போடுவார்கள். அப்படி முப்பது வருடம் பழகிய கை. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைதான், அதற்குக் கை நுணுக்கம் தேவையில்லை. அந்த நுணுக்கமெல்லாம் படத்தில் இறங்கியது. படம் வரையும் மாணவர்கள் வாங்கும் ஊசிமுனைப் பேனாவைப் பட்டணத்தில் வாங்கி வருவார். புதுக் கோடு பளிச்சென்று தெரியக் கூடாதே. அதனால் மை காய்ந்ததும் ஆறிய தேத்தண்ணியைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றி எடுப்பார். அடுத்த நாள் பார்த்தால் அதுவும் பழைய அச்சு மாதிரியே மங்கிப் பழுத்திருக்கும்.

அதை வைத்து அவருக்கு ஒரு விளையாட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் படத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார்.

"எது அவன் போட்டது, எது நான் போட்டது? சொல்லு பாப்போம். சரியா சொன்னா காப்பி. தப்பா சொன்னா நீ போட்டுக் குடுக்கணும்."

ஒருவரும் ஜெயித்ததில்லை. கோயில் தலைவர் ஒரு வேன் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார், வாய் கொஞ்சம் பெரிது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோற்றார். கடைசியில் அடுப்படியில் நின்று காப்பி கலக்கிக்கொண்டே, "இந்தம்மா கள்ள நோட்டு அடிக்கப் போயிருந்தா நாமெல்லாம் பங்களாவுல இருந்திருப்போம்லா" என்று கத்தினார்.

படத்தில் இடம் கேட்டு அவரிடம் சண்டைக்கு வருபவர்களும் உண்டு. வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்டிய ஒருத்தி, தன் கட்டத்தையும் பெரிதாக்கச் சொல்லி இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். கள்ளுக்கடையை அழிக்கச் சொல்லி ஒருவர் வந்தார்.

"நான் குடிய விட்டுட்டேன் அக்கா. அத எடுத்திருங்க."

"நீ விட்டா கடை எந்திரிச்சிப் போயிருமா?"

"என் சம்சாரம் உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதயே பாக்குறா அக்கா."

"அப்ப உன் சம்சாரத்தக் கூப்பிட்டு இந்தப் பக்கம் திரும்பி உக்காரச் சொல்லு."

எதையும் அழிக்க மாட்டார். இருப்பது இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். கள்ளுக்கடைக்குப் பிறகு பூப்பந்து ஆடும் திடல் வந்தது, பஸ் நிற்குமிடம் வந்தது, மேட்டில் கைப்பேசிக் கம்பெனி நட்ட இரும்புக் கோபுரம் வந்தது. கோபுரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகளைக்கூட விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக இழுத்தார்.

ஒருநாள், "முதன்முதல்ல எதக்கா போட்டீங்க?" என்று கேட்டேன்.

பேனாவை மூடி காதில் வைத்தார். தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் புள்ளிக்கோட்டு வேலிக்குள் மூன்று சின்னக் கோடுகள் இருந்தன. அதைக் காட்டினார். மயானம்.

நான்கு வயதில் காய்ச்சலில் போன அவருடைய மகள் அங்கே இருந்தாள். காய்ச்சல் கண்ட அன்று தோட்டத்து மருந்துக்கொட்டகையில் ஆள் இல்லை. பட்டணத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வண்டி கிடைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் இதைச் சொல்லும்போது அழவில்லை. கல் வைக்க வசதி இல்லை, ஒரு குரோட்டன் செடியை நட்டார்கள். அக்காவின் அப்பா அங்கே இருந்தார், பாட்டனார் அங்கே இருந்தார், கப்பலில் வந்தவர்கள் எல்லாருமே அங்கேதான். பிறகு கம்பெனி செம்பனை நட்டபோது புதைத்த மேடுகளை ஒட்டியே குழி வெட்டி நட்டது. மேடுகள் மண்ணோடு அமுங்கின. வெளியாள் பார்த்தால் அது வெறும் செம்பனைக் காடு. தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் லயத்தில் எல்லாரும் மண்வெட்டியும் சோற்றுத் தூக்குமாக அங்கே போவார்கள். அக்கா செடியைப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்வார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாவது வருடம் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. லயத்து ஆட்களுக்கு அடுக்குமாடி வீடு தருவதாகப் பேச்சு. மயானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தலைவர் போய்க் கேட்டதற்கு, "எங்கள் தாளில் அது செம்பனை நிலம்" என்று பதில் வந்தது. மயானம்தான் என்று ஆதாரம் இருந்தால் நில அலுவலகம் வேலையை நிறுத்தி வைக்கும். எலும்புகளைக் கம்பெனியே மரியாதையாக எடுத்து வேறு மயானத்தில் அடக்கம் செய்து தர வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் மண்வாரி இயந்திரம் நேராக ஏறிவிடும். எங்களிடம் எந்தத் தாளும் இல்லை.

தலைவர்தான் யோசனை சொன்னார். "அக்கா வீட்டுல அரசாங்க மேப்பு தொங்குது. நம்ம எதுக்கு மண்டையப் பிச்சிக்கிறோம்?"

படத்தைச் சுருட்டி ஒரு தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுப் பட்டணத்து நில அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். வேனை நான் ஓட்டினேன். அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் புடவை கட்டியிருந்தார். குழாயை மடியில் வைத்துக் குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நல்ல மனுஷி. மேசையைத் துடைத்துவிட்டுப் படத்தை விரிக்கச் சொன்னார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வயல்வெளிப் பக்கம் விரலை ஓட்டி, கடலோரத்தில் தன் கம்பத்தை, தான் பிறந்த கிராமத்தைக் கண்டுபிடித்து, "இங்கே பாருங்கள், என் தாத்தா வீட்டுப் பக்கத்துச் சூராவ், அந்தத் தொழுகைக்கூடம்கூட இருக்கிறது" என்றார். இது உண்மையான அரசாங்கப் படம், இதில் மயானம் இருந்தால் அதுவே போதும் என்றும் சொன்னார். தலைவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவர் விரல் தாத்தா கம்பத்திலிருந்து சாலை வழியாகக் கிழக்கே வந்தது. ரயில் பாதையைத் தாண்டியது. எங்கள் தோட்டத்து மேட்டில் நின்றது.

"மக்சிக், இது என்ன?" என்றார். அக்காவை மரியாதையாக அப்படித்தான் கூப்பிட்டார்.

"தண்ணீர்த் தொட்டி, புவான்" என்றார் தலைவர் அவசரமாக.

அதிகாரி இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்து பார்த்தார். கம்பிகள் ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும்.

"இது கைப்பேசிக் கோபுரம் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுபோனது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

அந்தப் படத்தைத் தினமும் பார்த்தவர்கள் நாங்கள். கோபுரம் அதில் இருப்பது எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மயானம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

"நான்தான் போட்டேன்" என்றார் அக்கா, மலாயில். "நல்லா இருக்கா?"

"வேறு என்னவெல்லாம் போட்டீர்கள்?"

அக்கா எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனார். பேரப்பிள்ளைகளைக் காட்டுவது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். இது நான் போட்டது, இதுவும், இந்தப் பாதை, இந்தத் திடல். தலைவர் தமிழில் பல்லைக் கடித்தார். "அக்கா, போதும்லா. வாய மூடுங்க. சாமி சத்தியமா சொல்றேன், வந்து உக்காருங்க."

அதிகாரி தன் விரலை மயானத்தில் வைத்தார். "இது?"

"அது அச்சில் உள்ளது, புவான்!" தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அதை யாரும் தொடவில்லை!"

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்தார். அக்கா தலைவர் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

"என்னா தம்பி பேசற நீ? நம்ம செத்தவங்கள வெள்ளைக்காரன் எதுக்குப் போடப் போறான்?"

பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார். "அதுவும் நான்தான். முதல்ல போட்டதே அதுதான்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மக்சிக், இப்படிச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?" என்றார். அவர் குரலில் கெடுதல் இல்லை. படத்தைத் தானே சுருட்டிக் குழாயில் விட்டார். தலைமை அலுவலகத்தில் இதே படத்தின் சுத்தமான அச்சுப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், மனு எழுதிப் போடுங்கள், அதில் இந்தக் குறி இருந்தால் கொண்டு வாருங்கள், அதுவரை கோப்பை நகர்த்தாமல் வைத்திருக்கப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

வேனில் திரும்பினோம். பீடோங் தாண்டியதும் தலைவர் சொன்னார்.

"மனுவும் வேணாம், மண்ணும் வேணாம். அந்தப் படம் வந்தா அந்த எடத்துல வெறும் காடுதான் இருக்கும். அப்புறம் நம்மளே போய் அவனுக்கு ஆதாரம் குடுத்த மாதிரி ஆயிரும்லா."

சரிதான் என்று எனக்கும் பட்டது. அக்காவும் மறுத்துப் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "கோபுரத்தப் போட்டிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். சுத்தமான படியை யாரும் கேட்கவில்லை. கோப்பு எவ்வளவு நாள் காத்திருக்கும்? நகர்ந்துவிட்டது.

மண்வாரி ஒரு காலையில் வந்தது. ஓட்டியவன் எங்களைப் போல ஒரு கூலிக்காரன். எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்டான். யாராலும் காட்ட முடியவில்லை. மேடு இருந்த இடம் எல்லாருக்கும் தோராயமாகத்தான் தெரியும். அக்காவுக்கு அந்தச் செடிதான் அடையாளம். அவர் போய்ச் சேர்வதற்குள் இரும்புக் கை அந்தப் பக்கம் இறங்கி ஏறியது. குரோட்டன் வேரும் மண்ணுமாக அதன் வாயில் நின்றது. இலை ஒன்றுகூடக் கசங்கவில்லை. அக்கா கையைத் தூக்கிக்கொண்டே முன்னால் போனார். ஓட்டியவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. நாலு வயதுப் பிள்ளையின் எலும்பு அந்த ஈர மண்ணில் அத்தனை வருடம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்டதுமில்லை.

இப்போது அங்கே ஒரு கிடங்கு இருக்கிறது. தரை முழுக்கச் சிமெண்டு. லோரிகள் பின்பக்கமாக வந்து நிற்கும்.

அடுக்குமாடிக்குப் போன பிறகு அக்கா பேனாவைத் தொடவில்லை. படத்தைப் பின்பக்க ஜன்னலில் ஆணியடித்துவிட்டார். சாரல் அடித்து அடித்து ஒரு பெருமழைக்காலத்துக்குள் மையெல்லாம் வழிந்து, துணி மட்டும் தொங்கியது. நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். எனக்கு எந்த ஊரும் அதிக நாள் தாங்காது. அதற்குப் பிறகு செர்டாங், பண்டார் பாரு, ஜொகூர் வரைக்கும் போய் வந்தேன்.

அக்கா இறப்பதற்கு முந்தின வருடம் சுங்கை பட்டாணியில் கடைகளுக்குப் பால்பெட்டி இறக்கும் வேலை கிடைத்தது. பழைய கடைவீடு ஒன்றை மாற்றிப் புதுத் தினுசுக் காப்பிக்கடை ஆக்கியிருந்தார்கள். குளிர்சாதனம், மங்கல் விளக்கு, சுவரெல்லாம் பழைய காலத்துச் சாமான்கள். பெட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். எதிர்ச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்தப் படம்.

அதே கடல், அதே வயல், அதே கிறுக்கலான ஆறு. புதிதாக அச்சடித்தது போலச் சுத்தமாக இருந்தது. மேட்டில் கோபுரம் இல்லை. கள்ளுக்கடை இல்லை. லயத்தின் கடைசிக் கட்டம் வரை எல்லாம் வெறும் கோடாக ஒரே மாதிரி இருந்தன, யார் இருந்தார் யார் போனார் என்று தெரியவில்லை. வடக்கு ஓரத்துக்குப் பார்வையைக் கொண்டுபோனேன். காடுதான் இருக்கும் என்று தெரியும். ஏன் பார்த்தேன் என்று தெரியாது.

புள்ளிக்கோட்டு வேலி. உள்ளே மூன்று சின்னக் கோடுகள்.

நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் வந்து மயக்கமா என்று கேட்டார். எவனோ ஒருவன், வெள்ளைக்காரனோ அவனோடு வந்த நம்ம ஊர்க்காரனோ, அந்த வெயிலில் ரப்பர்க் காட்டுக்குள் நடந்து போய், அந்த மேடுகளைப் பார்த்து நின்று, குறித்துக்கொண்டு போயிருக்கிறான். அக்கா பிறப்பதற்கு முன்னாலேயே. தலைவர் அன்றைக்கு எழுந்து நின்று சொன்னது பொய் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார். அது உண்மை. ஒரு மனு எழுதிப் போட்டிருந்தால் வந்திருக்கும்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் வண்டியிலேயே யோசித்தேன். பிறகு போய்க் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "தீபாவளிக்கு முந்தின நாளு கூட்டிட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

போனோம். கடையில் கூட்டம். படத்துக்குக் கீழே இருந்த மேசையில் ஒரு மலாய்ப் பையனும் பெண்ணும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நேராகப் போய் நின்றார். நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிமேல் விரலை வைத்தார்.

"மடிப்புல இருந்துச்சு தம்பி" என்றார். "அந்த எடத்துல கறுப்பா என்னமோ ஒட்டியிருந்துச்சு. பூஞ்சணம், அழுக்குன்னு நெனச்சேன். அது மேலதான் போட்டேன்."



அவர் கீழே குனிந்து அந்தப் பையனிடமும் பெண்ணிடமும் மலாயில், சாதாரணமாக, பஸ்ஸில் இடம் கேட்பது போலச் சொன்னார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் பிள்ளைகளா. இங்கே ஒரு சின்னக் குழந்தை படுத்திருக்கிறது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா முகத்தைப் பார்த்தார்கள். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா அந்த மேசையில் உட்கார்ந்தார். பரிமாறும் பெண் தமிழ்ப் பெண்தான், கல்லூரியில் படிக்கிற வயது. "ஆன்ட்டி, என்னா குடிக்கிறீங்க?"

"பால்."

"பாலா? காப்பி கலக்காமயா?"

"வெறும் பால். சீனி நெறைய."

அகலக் கோப்பையில் வந்தது. மேலே நுரையில் ஓர் இலை வரைந்திருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பையை மெதுவாக நகர்த்தி, சுவரோடு ஒட்டி, சட்டத்துக்கு நேர் கீழே வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆவி போய்க்கொண்டிருந்தது. இலை கலைந்தது. அந்தப் பெண் இரண்டு தடவை கடந்து போனாள். மூன்றாம் தடவை நின்றாள்.

"ஆன்ட்டி, பால் ஆறிப் போவுதே. குடிக்கலயா?"

"ஆறட்டும்மா" என்றார் அக்கா. "அவ சூடா குடிக்க மாட்டா."